தோத்த மறுநாள் தளபதி எங்க நின்னாரு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சேலம் வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தாரு, அலெக்சாண்டர், செங்கிஸ் கான், நெப்போலியன் மூணு பேர்ல யாரு பெரிய தளபதின்னு. வேற வேற காலம், வேற வேற ஆயுதம், ஒப்பிட முடியாதுன்னு நாலு வரியில பதில் போட்டு முடிச்சுட்டேன். அதுக்கப்புறம் வந்த கடிதங்களப் படிச்சா அந்த பதில் பத்தவே பத்தாதுன்னு எனக்கே தோணுது. அதனால இந்த தடவை முழுப் பக்கமும் இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

கேள்வி: ஒப்பிட முடியாதுன்னா அப்புறம் எதுக்கு சார் உலகம் பூரா காலங்காலமா ஒப்பிட்டுக்கிட்டே இருக்காங்க? வாள் புடிச்சவரையும் டாங்கி படை நடத்தினவரையும் எதை வச்சுத்தான் அளக்கறது?
– மதுரை வாசகர்

ஒப்பிடலாங்க. நான் எழுதினதுதான் தப்பு. இந்தப் பேச்சு 2,200 வருஷம் முன்னாடியே நடந்திருக்கு, அதுவும் யாருக்கு நடுவுலன்னு பாருங்க, கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹானிபாலுக்கும் அவர கி.மு. 202ல ஜாமா போர்ல தோக்கடிச்ச ரோமத் தளபதி சிபியோவுக்கும். கி.மு. 193ல எபேசஸ் நகரத்துல ரெண்டு பேரும் சந்திச்சதாவும், உலகத்துலயே பெரிய தளபதி யாருன்னு சிபியோ கேட்டதாவும் ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதி வச்சிருக்காரு. ஹானிபால் முதல் இடம் அலெக்சாண்டருக்கு, ரெண்டாவது கிரேக்க அரசன் பிர்ரஸுக்கு, மூணாவது எனக்குன்னாராம். சிபியோ சிரிச்சுக்கிட்டே, நீ என்னை ஜெயிச்சிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு கேக்க, அப்போ அலெக்சாண்டருக்கும் மேல என்னைய வச்சிருப்பேன்னாராம். இது அப்படியே நடந்துச்சான்னு சந்தேகப்படற வரலாற்று அறிஞர்கள் நெறைய, ஆனா எனக்கு அதுல முக்கியமா படறது அந்த ரெண்டாவது இடம். பிர்ரஸ் ஜெயிச்ச போர்லயே ஆளெல்லாம் இழந்து நொடிஞ்சு போனவரு, அவரப் போயி ஏன் அங்க வச்சாருன்னா, படை முகாம் எப்படி போடணும், இடம் எப்படி பாத்துத் தேரணும், மக்கள் மனச எப்படி புடிக்கணும்னு வழி காட்டினவருங்கறாரு. அதாவது ஹானிபாலே வெற்றிய எண்ணிப் பாக்கல, தொழில் தெரியுமாங்கறதப் பாத்திருக்காரு.

நானும் அப்படித்தான் பாப்பேன். ஆயுதம் மாறும், வேகம் மாறும், ஆனா எந்தக் காலத்துலயும் சிப்பாய்க்கு சோறு வேணும், காய்ச்சல் வந்தா படுத்துருவான், பயம் வந்தா ஓடுவான், இது அலெக்சாண்டர் காலத்துலயும் அப்படித்தான் இன்னைக்கும் அப்படித்தான். அதனால ஒரு தளபதி கைக்கு எப்படிப்பட்ட படை வந்துச்சு, அத அவர் என்னவா மாத்தினாரு, ஆளுக்கு எப்படி சோறு போட்டாரு, எல்லாத்துக்கும் மேல தோத்த மறுநாள் என்ன பண்ணாருன்னு கேட்டா காலம் தாண்டி ஒப்பிட முடியுது. ஜெயிச்ச அன்னைக்கு எல்லா தளபதியும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க.

கேள்வி: புள்ளிவிவரக் கணக்கு போட்டு நெப்போலியன்தான் நம்பர் ஒன்னுன்னு ஒருத்தர் நிரூபிச்சிட்டதா படிச்சேனே, அப்புறமும் என்ன விவாதம்?
– கோயம்புத்தூர் வாசகர்

நானும் படிச்சேன். 2017ல வந்துச்சு, பேஸ்பால் ஆட்டக்காரங்கள அளக்கற முறைய எடுத்து தளபதிகளுக்குப் போட்டுப் பாத்தது. நெப்போலியன் பேர்ல 43 போர் இருக்கு, அதுல பெரும்பாலும் ஜெயிச்சவரு, அதனால எட்ட முடியாத உயரத்துல நிக்கறாரு. உழைச்சு பண்ணின வேலைதான், குறை சொல்லல. ஆனா அது போர்களத்தான் எண்ணும். ஒரு வருஷம் பூரா ரோடு போட்டு, மாத்திரை குடுத்து, படைய பழக்கி கடைசியா ஒரே ஒரு பெரிய போர் போட்டு ஜெயிச்சவருக்கு அந்தக் கணக்குல ஒரு மார்க்குதான். 1812ல நெப்போலியன் நியமன் ஆத்தத் தாண்டி ரஷ்யாவுக்குள்ள கூட்டிட்டுப் போனது சுமார் 6 லட்சம் பேர், மாஸ்கோ வழியில போரடினோல ரஷ்யப்படைய பின்வாங்க வச்சதால கணக்குல வெற்றி விழும், ஆனா அந்த 6 லட்சத்துல பெரும்பகுதி பசியிலயும் டைபஸ் காய்ச்சல்லயும் குளிர்லயும் அழிஞ்சுது, திரும்பி வந்தது சுமார் 1 லட்சம்தான் தேறும். அந்தச் சாவ போர்னு பேர் வச்சு எந்தக் கட்டத்துல போடுவீங்க?

டிசம்பர் 5ம் தேதி ஸ்மோர்கோன்ங்கற ஊர்ல நெப்போலியன் படைய விட்டுட்டு பாரிஸுக்குக் கிளம்பிட்டாரு. நியாயமா சொல்லணும்னா அவர் பக்கம் காரணம் இருந்துச்சு, அக்டோபர்லதான் பாரிஸ்ல ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்திருந்துச்சு, புது படையும் திரட்டணும். பேரரசரா அது சரியான முடிவா இருக்கலாம். ஆனா நான் இங்க தளபதியப் பத்திப் பேசறேன், பனியில கால்ல துணியச் சுத்திக்கிட்டு நடந்து வந்தவனுக்கு அவன் தளபதி அன்னைக்கு அங்க இல்ல.

கேள்வி: ஹானிபாலோட கேன்னே போர மிஞ்சி ஒரு போர் இருக்கா? இன்னைக்கும் ராணுவக் கல்லூரியில சொல்லித் தராங்களே.
– கரூர் வாசகர்

போர்க்களத்துல அந்த ஒரு நாள மிஞ்ச ஆள் இல்லன்னு நானும் ஒத்துக்கறேன். கி.மு. 216, ஆகஸ்ட் 2. ரோமப்படை சுமார் 80,000, இவர்கிட்ட 50,000. நடுவுல காலிக், ஸ்பானியக் காலாட்படைய எதிரியப் பாத்து வில்லு மாதிரி பிதுங்கி நிக்க வச்சு, ரெண்டு ஓரத்துலயும் நல்லா பழகின ஆப்பிரிக்கக் காலாட்படைய ஒதுக்கி வச்சாரு. ரோமன் நடுவுல முட்டினான், அது மெல்ல மெல்ல உள் வாங்குச்சு, ஜெயிக்கறோம்னு நெனச்சு இன்னும் உள்ள போனான், ஓரத்துல நின்னவங்க உள்பக்கமா திரும்புனாங்க, அதுக்குள்ள ரோமக் குதிரைப்படைய விரட்டியடிச்ச ஹானிபாலோட குதிரைப்படை பின்னாடி வந்து வாய மூடிருச்சு. உள்ள மாட்டினவன் கைய தூக்கி வாள வீச இடமில்லாம நெருக்கிக்கிட்டு நின்னான். அங்க ஒரு சின்ன விஷயத்தக் கவனிங்க, அந்த நடுப்பகுதி உடையாம பின்வாங்கணும், உடைஞ்சா ஆட்டம் காலி. பயந்து ஓடறதுக்கும் சொல்லி வச்ச மாதிரி பின்வாங்கறதுக்கும் நடுவுல இருக்கற அந்த நூலிழையில நிக்க ஆளுக்குத் தெம்பு வேணும். அதுக்குத்தான் ஹானிபால் தானே அந்த நடுப்பகுதியில போயி நின்னாரு.

அப்புறம் என்னாச்சு? ரோம் சமாதானம் பேசவே மாட்டேன்னுடுச்சு. புடிபட்ட தன் ஆளுங்களுக்குப் பணயப் பணம் கட்ட மறுத்துச்சு, அடிமைகள வெலைக்கு வாங்கி 8,000 பேர படையில சேத்துச்சு, நேரடியா மோதாம ஒட்டிக்கிட்டே போயி அவர் தீவனத்தையும் கூட்டாளி ஊர்களையும் பறிச்சுச்சு. ஹானிபால் அதுக்கப்புறம் 13 வருஷம் இத்தாலியிலயே சுத்திக்கிட்டிருந்தாரு, ஊருக்குத் திரும்பி வான்னு கார்த்தேஜ் கூப்பிடற வரைக்கும். அந்த 13 வருஷமும் பல இனம், பல மொழி பேசற கூலிப்படை, சம்பளத்துக்கும் சோத்துக்கும் திண்டாட்டம், ஆனா அவர எதிர்த்து ஒரு கலகம் நடக்கல. கேன்னேய விட எனக்கு இதுதான் பெருசு. நான் முதல் மூணு பேருக்குள்ள அவர வைக்கறதுக்கு இந்த 13 வருஷம்தான் காரணம்.

கேள்வி: ஐயா, உங்க பழைய பதில்கள்ல ஸ்லிம் ஸ்லிம்னு ஒரு பேர் அடிக்கடி வருது. நெப்போலியன் கூட வச்சுப் பேசற அளவுக்கு அவர் யாரு?
– திருநெல்வேலி வாசகர்

கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். இவரப் பத்தி இன்னும் நெறைய பேருக்குத் தெரியணும், ஏன்னா இவர் நடத்தின படையில பெரும்பகுதி நம்ம இந்தியாக்காரங்கதான்.

வில்லியம் ஸ்லிம், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துல கூர்க்கா படைப்பிரிவுல இருந்தவரு. ரெண்டாம் உலகப் போர்ல, 1942 மார்ச்ல பர்மாவுல படைக்குப் பொறுப்பேத்தாரு, அதே மாசம் 8ம் தேதியே ரங்கூன் ஜப்பான்காரங்க கைக்குப் போயாச்சு. அவருக்குக் கெடச்ச முதல் வேலையே தோத்த படைய உயிரோட வெளிய கொண்டு வர்றது. சுமார் 900 மைல் பின்வாங்கல், மேல எதிரி விமானம், கூடவே சாரி சாரியா அகதிகள், மே மாசம் மழை புடிச்சுக்கிட்ட நேரத்துல இம்பால் வந்து சேந்தாங்க. கடைசிப் படை உள்ள வரும்போது ஸ்லிம் ரோட்டோர மேட்டுல நின்னு ஒவ்வொரு பிரிவா பாத்துக்கிட்டு நின்னாரு. சட்டை கந்தல், உடம்பு எலும்பு, ஒரு பட்டாலியன்ல மிச்சம் கைவிரல் விட்டு எண்ற அளவு ஆளுங்க, ஆனா துப்பாக்கிய யாரும் கீழ போடல, வரிசை கலையல. நெப்போலியன் கிளம்பிப் போனதையும் இவர் அந்த மேட்டுல நின்னதையும் நான் பக்கத்துப் பக்கத்துல வச்சுத்தான் பாக்கறேன்.

அதுக்கப்புறம் பண்ணதுதான் பெரிய வேலை. 1943ல காயம்பட்டு வெளிய அனுப்பின ஒரு ஆளுக்கு நோய் வந்து அனுப்பினது 120 பேர்னு அவரே எழுதியிருக்காரு. யோசிச்சுப் பாருங்க, ஜப்பான்காரன் ஒரு ஆள வீழ்த்தினா கொசுவும் வயித்துக்கடுப்பும் 120 பேர வீழ்த்துது. மலேரியாவுக்கு மெப்பாக்ரின்னு ஒரு மஞ்ச மாத்திரை இருந்துச்சு, தோலெல்லாம் மஞ்சளாயிரும், ஆண்மை போயிரும்னு ஒரு வதந்தி கெளம்பி பசங்க முழுங்காம துப்பிட்டாங்க. ஸ்லிம் என்ன பண்ணாரு, திடீர் திடீர்னு ஒரு யூனிட்டப் புடிச்சு ஒவ்வொருத்தரையும் டெஸ்ட் பண்ணச் சொன்னாரு, 95 சதவீதத்துக்குக் கீழ வந்தா அந்த யூனிட்டோட கமாண்டிங் ஆபீசருக்கு வேலை காலி. மூணே பேரத்தான் அப்படி எடுக்க வேண்டியிருந்துச்சு, மத்தவங்களுக்கு அதுக்குள்ள புரிஞ்சு போச்சு.

இன்னொன்னு. காட்டுக்குள்ள இருக்கறவனுக்கு விமானத்துலேந்து சோறும் குண்டும் பாராசூட்ல போடணும், ஆனா பாராசூட்டுக்குத் துணி இல்ல, லண்டன்லேந்து வரவும் வராது. கல்கத்தாவுல சணல் ஆலைங்க இருக்கே, சணல்லயே பாராசூட் தச்சா என்னன்னு கேட்டு தச்சும் முடிச்சுட்டாங்க. சாதாரண பாராசூட் விலை 20 பவுண்டுக்கு மேல, இதுக்கு ஒரு பவுண்டு சொச்சம்தான் செலவு. ஆள் குதிக்க ஆகாது, அரிசி மூட்டைக்குத் தாராளமா போதும். முன்னால இருக்கற படைக்கு அரை ரேஷன்னா தன் தலைமையகத்துக்கும் அன்னைலேந்து அரை ரேஷன்னு வச்சாரு, அப்போ ஸ்டாப் ஆபீசர்ங்க சப்ளைய சரி பண்ண எவ்வளவு வேகமா வேலை பாத்திருப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க.

1944 மார்ச்ல ஜப்பான் தளபதி முதாகுச்சி மூணு டிவிஷனோட, சுமார் 85,000 பேரு, மூணு வாரத்துக்கு சாப்பாட்டக் கட்டிக்கிட்டு இம்பால் மேல வந்தாரு. மூணு வாரத்துல இம்பால் கிடங்கப் புடிச்சு அங்க சாப்டுக்கலாம்னு கணக்கு. மாட்டையும் ஆட்டையும் ஓட்டிக்கிட்டு வந்தாங்க, பொதியும் சுமக்கும், வெட்டியும் சாப்டலாம்னு. பாதி சிந்த்வின் ஆத்துலயும் மலை ஏத்தத்துலயும் போச்சு. ஸ்லிமும் இங்க ஒரு தப்பு பண்ணாரு, கொகிமாவுக்கு ஒரு ரெஜிமென்ட்தான் வரும்னு நெனச்சாரு, முழு டிவிஷனே வந்து இறங்கிருச்சு. தப்புன்னு பின்னாடி ஒளிக்காம எழுதினாரு. ஆனா தப்புன்னு தெரிஞ்சதும் பர்மா கடக்கரைப் பக்கம் அரக்கான்லேந்து 5வது இந்திய டிவிஷன பீரங்கி, கோவேறு கழுதையோட விமானத்துல தூக்கி வந்து இறக்கினாங்க. முற்றுகையில மாட்டின இம்பாலுக்கு வானத்துலேந்தே சோறு போச்சு. எதிர்ப்பக்கம் ஜப்பான்காரனுக்கு அரிசி தீந்து புல்லத் தின்னான், கொகிமாவுல இருந்த சாட்டோ தன் மேலதிகாரி முதாகுச்சி உத்தரவ மீறி டிவிஷன பின்னால கூட்டிட்டுப் போயிட்டாரு. அந்த 85,000ல 50,000க்கு மேல இழப்பு, அதுல பெரும்பகுதி பசியும் நோயும்.

கொகிமாவுக்கு நான் ஒரு தடவை போயிருக்கேன். டெபுடி கமிஷனர் பங்களா டென்னிஸ் கோர்ட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு படை, இந்தப்பக்கம் ஒரு படை, கையெறி குண்டு வீசற தூரத்துல நின்னு சண்ட போட்ட இடம் அது. இன்னைக்கு கல்லறைத் தோட்டம். கோர்ட்டோட வெள்ளைக் கோடுகள சிமெண்ட்ல அப்படியே காட்டியிருக்காங்க, கோட்டுக்கு அப்பால உடனே கல்லறை வரிசை. மேல ஏறினா தகனம் பண்ணப்பட்ட இந்து, சீக்கிய சிப்பாய்ங்க 917 பேரோட நினைவுச் சின்னம். அங்க நிக்கும்போது யாரு பெரிய தளபதிங்கற கேள்வியே வேற மாதிரி ஆயிருது, இவங்கள வீணாக்காம நடத்தினவரு யாருன்னுதான் மனசு கேக்குது.

1944க்குள்ள ஸ்லிம் பக்கம் விமானம் அதிகம், ஆளும் அதிகம், அதையும் சொல்லிரணும். ஆனா 1942ல எதுவும் இல்லாதப்பவும் அதே ஆள்தான்.

கேள்வி: ரோமல விடவா ஸ்லிம்?
– திருச்சி வாசகர்

ஆமாங்க. ரெண்டாம் உலகப் போர்ல வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துல டாங்கிய ஓட்டறதுல ஜெர்மன் தளபதி ரோமல் கெட்டிக்காரர், சந்தேகமே இல்ல. ஆனா டிரிப்போலி துறைமுகத்துலேந்து எல் அலமேன் 2,000 கிலோமீட்டருக்கு மேல, பெட்ரோல் ஏத்திட்டுப் போற லாரியே அதுல ஒரு நல்ல பங்க குடிச்சிரும். மேல இருக்கறவங்க எனக்கு சப்ளை தரலன்னு கடைசி வரைக்கும் சொன்னாரு, அதுல உண்மையும் இருக்கு. ஆனா அந்த தூரம் முன்னேறும்போதே தெரிஞ்ச தூரம்தானே.

கேள்வி: செங்கிஸ் கான் பேர விட்டுட்டீங்களே? உலகத்துல அத்தன பெரிய நிலப்பரப்ப வேற யாரு புடிச்சா?
– ஈரோடு வாசகர்

விடல. அவர் போர்க்களத்துல பண்ணதவிட படைய கட்டின விதம்தான் அதிசயம். ஒரே ரத்தம், ஒரே குலம்னு சேந்து நின்ன ஆளுங்கள கலைச்சு பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம்னு அடுக்கினாரு, எந்தக் குலத்தான் எந்தப் பத்துல இருக்கான்னு பாக்காம. தலைவன் பதவி திறமைக்கு. அதனாலதான் சுபுதாய் மாதிரி ஒரு கொல்லன் மகன் மேல வர முடிஞ்சுது. சேலம் வாசகர் என்கிட்ட செங்கிஸ் கான்னு கேட்டாரு, நான் தளபதின்னு தேர்ந்தா சுபுதாயத்தான் தேருவேன். 1241 ஏப்ரல் 9ம் தேதி போலந்துல லெக்னிட்சா, 11ம் தேதி ஹங்கேரியில மோஹி, ரெண்டு நாள் இடைவெளியில நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ரெண்டு போர், ரேடியோ கிடையாது, போன் கிடையாது. மோஹியில சாயோ ஆத்துப் பாலத்த கல்லெறியும் இயந்திரத்த வச்சு ஒரு பக்கம் தாக்கிக்கிட்டே, கீழ்ப்பக்கம் போயி இன்னொரு பாலம் கட்டி பின்னால வந்தாரு. ஹங்கேரியர் முகாம சுத்தி வளைச்சுட்டு ஒரு பக்கம் மட்டும் வேணும்னே இடைவெளி விட்டாங்க. வழி இருக்குன்னு தெரிஞ்சா எவனும் நின்னு சாக மாட்டான், ஓடுவான், ஓடறவன விரட்டிப் புடிக்கறது குதிரைக்காரனுக்கு சுலபம். மனுஷ மனச இவ்வளவு படிச்ச தளபதி கொறச்சல்.

கேள்வி: லட்சக்கணக்குல கொன்னவங்கள வரிசைப்படுத்தி மார்க் போடறது எனக்கு மனசுக்கு ஒவ்வல. இது சரியா?
– புதுச்சேரி வாசகி

உங்க கடிதத்த ரெண்டு நாள் மேஜை மேலயே வச்சிருந்தேன் அம்மா. நீங்க சொல்றது நெஞ்சுல படுது. மேல சொன்ன மங்கோலியப்படை நுழைஞ்ச ஊர்கள்ல என்ன நடந்துச்சுன்னு படிச்சா ராத்திரி தூக்கம் வராது. கலிங்கப் போர்ல 1 லட்சம் பேர் கொல்லப்பட்டாங்க, 1.5 லட்சம் பேர் புடிச்சுக் கொண்டு போகப்பட்டாங்கன்னு அசோகர் தன் பாறைக் கல்வெட்டுலயே பொறிச்சு வச்சாரு, ஜெயிச்ச அரசன் தானே தன் கையால அந்தக் கணக்க எழுதி வருத்தப்பட்டது ரொம்ப அபூர்வம். திறமைய ஆராய்றது வேற, கொண்டாடறது வேறன்னு சொல்லிட்டு நான் தப்பிச்சிக்கலாம், ஆனா படிக்கறவங்களுக்கு அந்தக் கோடு அழிஞ்சு போயிருதுங்கறது உண்மை. அதனாலதான் நான் வெற்றிய எண்ணாம, தன் ஆளுங்க உயிர எப்படி நடத்தினாருன்னு முதல்ல கேக்கறேன். ஊர் ஜனங்கள எப்படி நடத்தினாருன்னும் இனிமே கேக்கறேன், அந்தக் கேள்விக்கு உங்களுக்கு நன்றி.

கேள்வி: நம்ம ராஜேந்திர சோழன் கடல் தாண்டிப் போயி கடாரம் ஜெயிச்சாரே, உங்க பட்டியல்ல ஏன் இல்ல?
– அரியலூர் வாசகர்

அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தின்னு மெய்க்கீர்த்தி வரி படிக்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கும். 1025ல வங்கக்கடலத் தாண்டி கடாரம் வரை படைய கொண்டு போயி, அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனப் புடிச்சது சாதாரண காரியமில்ல. தண்ணி, அரிசி, ஆளு, காத்து வீசற மாசம் எல்லாத்தையும் கணக்குப் போட்டவங்க யாரோ அந்தப் படையில இருந்திருக்காங்க. ஆனா மெய்க்கீர்த்தி ஊர் பேர அடுக்குது, எத்தனை கப்பல், எப்படி கரை இறங்கினாங்க, எங்க தடுமாறினாங்கன்னு சொல்றதில்ல. கங்கைப் படையெடுப்ப நடத்தினது ஒரு தண்டநாயகன், அதாவது படைத்தலைவன், ராஜேந்திரன் கோதாவரியில அவர எதிர்கொண்டாருன்னு திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுது. அரசனா ராஜேந்திரன எந்த வரிசையிலயும் முன்னால வைப்பேன். தளபதின்னு அளக்கணும்னா அந்தப் பேர் தெரியாத தண்டநாயகனத்தான் அளக்கணும்.

கேள்வி: தரைச் சண்டையவே பேசறீங்க. கடல்ல சண்ட போட்டவங்கள தரைத் தளபதிகளோட சேத்துப் பாக்க முடியுமா?
– நாகப்பட்டினம் வாசகர்

முடியும், உங்க ஊர்க்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். கொரியாவோட கடற்படைத் தளபதி யி சுன்சின். அரசனுக்கு அவர்மேல சந்தேகம் வந்து, 1597ல பதவியப் பறிச்சு, சாதாரண சிப்பாயா இறக்கி விட்டாங்க. அவர் இடத்துக்கு வந்தவரு மொத்தக் கடற்படையையும் ஒரே போர்ல இழந்தாரு. மறுபடி இவரக் கூப்பிட்டப்ப மிச்சம் 12 கப்பல், கடற்படையே வேணாம் கலைச்சிரலாம்னு அரசன் நெனைக்கறாரு, எனக்கு இன்னும் 12 கப்பல் இருக்குன்னு இவர் பதில் எழுதினாரு. ஒண்ணு சேந்து 13 ஆச்சு. மியோங்னியாங்னு ஒரு குறுகலான ஜலசந்தி, கடல் நீரோட்டத்த நம்ம கடக்கரையில நீவாடுன்னு சொல்றோமே அது அங்க காட்டாறு மாதிரி ஓடும், சில மணி நேரத்துக்கொரு தடவை அப்படியே திசை திரும்பும். அங்க போயி நின்னு 133 ஜப்பானியப் போர்க்கப்பல எதிர்கொண்டாரு. இடம் குறுகல், அதனால ஒரே நேரத்துல கொஞ்சம் கப்பல்தான் உள்ள வர முடியும், நீவாடு திரும்பினதும் வந்தவங்க கப்பலே ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிச்சு. அன்னைக்கு முதல்ல அவரோட கப்பல் ஒண்ணுதான் தனியா முன்னால நின்னுச்சு, மத்தவங்க பயந்து தள்ளி நின்னாங்கன்னு அவரோட நாட்குறிப்புலயே இருக்கு. தரை, கடல் எதா இருந்தாலும் இது அதே கேள்விதான், தோத்த மறுநாள் கையில மிச்சம் இருந்தத வச்சு என்ன பண்ணாரு.

கேள்வி: வியட்நாமோட ஜியாப் ராணுவப் பள்ளியிலயே படிக்காதவராமே, கெரில்லா சண்டை போட்டவர பெரிய தளபதின்னு சொல்லலாமா?
– விருதுநகர் வாசகர்

சரித்திர வாத்தியாரா இருந்தவரு. கெரில்லா மட்டும் இல்லங்க, பிரெஞ்சுப்படை கோட்டை போட்டு நின்ன தியன் பியன் ஃபூவுல நடந்தது முழுக்க முழுக்க பீரங்கி வச்ச முற்றுகைச் சண்டை. 1951 ஜனவரியில வின் யென்ல அவசரப்பட்டு சமவெளியில பிரெஞ்சுக்காரங்களோட நேரா மோதி, நாபாம் குண்டுல ஆயிரக்கணக்கான ஆளுங்கள இழந்தாரு. அந்த அடி அவர் மனசுல இருந்துச்சு. 1954 ஜனவரியில தியன் பியன் ஃபூவுல எல்லாம் தயார், மலை மேல பீரங்கிய கையால கயிறு கட்டி இழுத்து வச்சாச்சு, தாக்க ஒரு நாள் பாக்கி, இப்போ அடிச்சா ஜெயிப்போம்னு உறுதியில்லன்னு நிறுத்திட்டாரு. உயிர விட்டு இழுத்து வச்ச பீரங்கிய அதே கையால திரும்ப இறக்கச் சொன்னா சிப்பாய் என்ன நெனப்பான்? தன் வாழ்க்கையிலயே கஷ்டமான முடிவு அதுதான்னு பின்னாடி சொன்னாரு.

அப்புறம் ஏழு வாரம் வேலை. மலைச்சரிவுக்குள்ள பீரங்கிக்குக் குகை வெட்டினாங்க. சப்ளைக்கு 2.6 லட்சம் சுமைகூலிகள், 20,000க்கு மேல சைக்கிள், அதுல நெறைய பிரெஞ்சு பியூஜோ சைக்கிள். அந்த சைக்கிள யாரும் ஓட்டல, தள்ளினாங்க. ஹேண்டில் பார்ல ஒரு மூங்கில நீட்டிக் கட்டி பக்கத்துல நடந்தபடி திருப்பறதுக்கு, சீட் கம்பியில இன்னொரு குச்சி செருகி தள்றதுக்கு, நடுவுல ரெண்டு பக்கமும் மூட்டை, ஒரு சைக்கிளுக்கு 200 கிலோவுக்கு மேல. எதிர்ப்பக்கம் பிரெஞ்சு பீரங்கித் தலைவர் பிரோத், இவங்க பீரங்கி மூணு தடவை சுடறதுக்குள்ள அழிச்சிருவேன்னு உறுதி சொல்லியிருந்தாரு. மார்ச் 13 சண்டை ஆரம்பிச்சுது, ரெண்டு நாள்ல அவர் தன் உயிர மாய்ச்சுக்கிட்டாரு. மே 7 கோட்டை விழுந்துச்சு. சீனா குடுத்த பீரங்கியும் ஆலோசகர்களும் இல்லாம இது நடந்திருக்காது, ஆள் இழப்பும் ரொம்ப அதிகம், அத மறைக்கக் கூடாது. என் வரிசையில ஸ்லிமுக்கு அடுத்து அவர நிறுத்தறதுக்கு அந்த ஜனவரி முடிவுதான் காரணம்.

கேள்வி: கடைசியா நம்ம சாம் மானெக்‌ஷா. அவரயும் இதே அளவுகோல்ல அளந்து சொல்லுங்க.
– குன்னூர் வாசகர்

1942 பிப்ரவரியில பர்மாவுல சிட்டாங் ஆத்துப் பக்கம் வயித்துல குண்டு வாங்கி மிலிட்டரி கிராஸ் வாங்கினவரு அவரு. அதாவது மேல நான் சொன்ன அதே தோல்வி, இளம் அதிகாரியா அவர் உடம்புலயே எழுதியிருக்கு. 1971 ஏப்ரல்ல கிழக்கு வங்கத்துக்குள்ள உடனே படைய அனுப்ப முடியுமான்னு அமைச்சரவையில பேச்சு வந்தப்போ, இப்போ முடியாதுன்னு பிரதமர் இந்திரா காந்தி முகத்துக்கு நேரா சொன்னதா அவரே பல தடவை சொல்லியிருக்காரு. மழை வந்தா ஆறெல்லாம் கடல் மாதிரி ஆயிரும், அறுவடை நேரத்துல ரயில் பெட்டிய நான் எடுத்துக்கிட்டா நாட்டுல சோத்துக்குப் பஞ்சம், குளிர் வந்தா வடக்குல கணவாய் மூடிக்கும் சீனா வர முடியாது, எனக்கு நேரம் வேணும்னு. டிசம்பர் 3ல ஆரம்பிச்சு 16ல முடிஞ்சுது, பாகிஸ்தான் தரப்புல 93,000 பேர் கைதி. களத்துல அந்த வேகத்துக்குக் காரணம் சாகத் சிங், இவர் பேர இன்னும் நெறைய பேருக்குத் தெரியல. மேக்னா ஆத்துப் பாலத்த எதிரி தகர்த்துட்டான், இவர் பாலத்துக்குக் காத்திருக்காம டிசம்பர் 9ம் தேதி எம்ஐ-4 ஹெலிகாப்டர்ல திருப்பித் திருப்பி ஆளுங்கள அக்கரைக்குக் கொண்டு போயி இறக்கினாரு.

ரெண்டு பேர்ல யாருன்னு கேட்டா போர்க்களத்துக்கு சாகத் சிங், ஏப்ரல்ல வேணாம்னு சொன்னதுக்கு மானெக்‌ஷா. குன்னூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, அவர் 2008ல வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில காலமானாரு, ஊட்டி பார்சி கல்லறையில இருக்காரு. அடுத்த தடவை மேல போறப்ப என் சார்பா ஒரு பூ வச்சிட்டு வாங்க.